பேச்சியம்மாளின் வலது கை

ஓய்வு பெற்ற நர்சுகளைக் கூப்பிட்டு, மாலை போட்டு, காப்பி கொடுத்து, 'அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று கேட்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையை மட்டும் மரக்க வைக்கும் ஊசியை இப்போது எப்படிப் போடுகிறோம் என்று முதலில் எனக்குக் காட்டினார்கள். ஒரு திரையில் நரம்பு தெரிகிறது, ரத்தக்குழாய் தெரிகிறது, ஊசி போகிற வழியும் தெரிகிறது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டால், ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பதை அது 'பீப் பீப்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. "உங்க காலத்துல இந்தக் கிளிப்புக்குப் பதிலா என்ன வச்சிருந்தாங்க மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என்னைத்தான் வச்சிருந்தாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆமத்தூர்க்காரி. எங்களுக்குக் கரிசல் நிலம் இருந்தது. பருத்தியும் மிளகாயும் போட்டோம். மகளை நர்ஸ் வேலைக்குப் படிக்க அனுப்ப என் அப்பா ஏன் சம்மதித்தார் என்பது சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரியவில்லை, எனக்கும்தான். மதுரையில் மூன்று வருடம் படித்தேன். திட்டு வாங்கியதைத் தவிர அந்த மூன்று வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அங்கே இருந்தவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம்.

சேர்ந்த சில மாதங்களிலேயே கையைப் பார்த்துத் தொழிலைச் சொல்லப் பழகிவிட்டேன். நகக்கண்ணில் சிவப்பு ஏறியிருந்தால் தீப்பெட்டி. விரல் ரேகையெல்லாம் கறுப்பு என்றால் திருத்தங்கல் அச்சாபீஸ். முழங்கைவரை வெள்ளி பூசியது போல் இருந்தால் கம்பி மத்தாப்பு. அலுமினியப் பொடியைக் குழைத்துக் குழைத்து வந்த நிறம் அது. சோப்பு போட்டாலும் போகாது. கல்யாணப் பெண் கையில்கூட மருதாணிக்கு அடியில் அந்த வெள்ளி தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஞானமுத்து மயக்க மருந்துக்கென்றே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அதற்கு முன்னால் வெட்டுகிற டாக்டரே ஊசியும் போட்டுக்கொள்வார். ஞானமுத்து ஒல்லியான மனிதர். கான்வாஸ் ஷூ போட்டிருப்பார், அதனால் அறைக்குள் வந்ததே தெரியாது; திரும்பினால் பின்னால் நிற்பார். வாசல் கூட்டுகிறவருக்கும் 'வாங்க, போங்க'தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கத்துகிற டாக்டர்கள் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருவரிடமும் எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை.

வந்த முதல் வாரமே என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். "தியேட்டர்ல இனிமே இதுதான் நமக்குத் தெர்மாமீட்டர், சிஸ்டர்" என்றார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் கீழே காட்டாது. மனிதருடைய விரல்நுனி பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். தோல் சூட்டை அளக்க எங்களிடம் வேறு கருவி கிடையாது.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர் வைத்து, அதில் என் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை முக்கி, நூறு எண்ணி எடுக்க வேண்டும். துண்டால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் சூடு வந்துவிடும், அதனால் தேய்க்கக் கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நோயாளியின் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பிடித்து, எது சூடோ அந்தப் பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். 'வலது' அல்லது 'இடது'. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பேசின், மறுபடியும் நூறு.

ஊசி கழுத்தெலும்புக்கு மேலே போடுவது. தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி, குழியில் துடிக்கிற ரத்தக்குழாயை விரலால் ஓரமாக அழுத்திக்கொண்டு, அதன் பக்கத்தில் ஊசியை இறக்குவார். கொஞ்சம் தப்பினால் நுரையீரல்; இன்னும் கொஞ்சம் தப்பினால் மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பு வரும். சரியான இடம் என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். "கைக்குள்ள எறும்பு ஓடுனா சொல்லுங்க" என்பார். ஓடும். "ஆத்தீ!" என்று அவர்கள் அலறியதும் மெதுவாக மருந்தைச் செலுத்துவார்.

வலி போவதற்குத்தான் அந்த ஊசி என்று நான் நினைத்திருந்தேன். "வலி போறது ரெண்டாவது" என்றார் அவர். ரத்தக்குழாயைச் சுற்றி மெல்லிய நரம்புகள் இருக்கின்றன, அவை குழாயை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மருந்து பட்டதும் முதலில் பிடியை விடுவது அவைதான். குழாய் விரிகிறது, ரத்தம் கைக்கு ஓடுகிறது. ஆகவே முதலில் சூடு வரும். அதற்குப் பிறகு மரப்பு. கடைசியில் அசைவு நின்றுபோகும். பார்ப்பவருக்கு அந்தக் கை செத்துக் கிடக்கிறது. ஆனால் ஆள் பிறந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு அவ்வளவு ரத்தம் வந்திருக்காது.

இதையெல்லாம் முதல் தடவை பார்த்தது ஒரு திருத்தங்கல் அச்சாபீஸ்காரரிடம். மிஷினில் விரல் நசுங்கி வந்தவர். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடிக்கொண்டது. கண்ணின் பாப்பா சுருங்கிவிட்டது. நெற்றியில் ஒரு பாதி வேர்த்திருக்க, மறு பாதி காய்ந்து கிடந்தது. கதவு இடுக்கில் எட்டிப்பார்த்த அவர் சம்சாரம், "எய்யா, பாதி மூஞ்சி செத்துப்போச்சே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்து கண்ணுக்குப் போகிற நரம்பிலும் பட்டால் அப்படி ஆகும், தானே சரியாகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஞானமுத்து அதைப் பார்க்கவே இல்லை. அவர் நோயாளியிடம் குனிந்து, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இப்ப உங்க கை எங்க இருக்கு?"

"நெஞ்சு மேல இருக்கு சார்" என்றார் அவர். கை பக்கவாட்டில், மேஜையில், என் பிடியில் இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஞானமுத்து தலையை ஆட்டித் தடுத்தார்.

பிறகு வெளியே வைத்துச் சொன்னார்: "மரக்கறதுக்கு முன்னாடி கை எப்படி இருந்துச்சுங்கறதை மனசு பிடிச்சு வச்சுக்குது சிஸ்டர். அவருக்கு அது அங்கதான் இருக்கு. கீழ இருக்குன்னு நீங்க சொன்னா, அவருக்கு மூணு கை ஆயிரும்." அவருடைய நோட்டில் அப்படி ஒரு பட்டியலே இருந்தது. நெஞ்சில் ஒரு கை, முதுகுக்கு அடியில் ஒரு கை, கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை. யாருடைய உடம்போடும் ஒட்டாமல் காற்றில் இருந்த கைகள். அந்த நோட்டைத் தனியாக இருக்கும்போது புரட்ட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

பேச்சியம்மாள் வந்தது அறுபதுகளின் ஆரம்பத்தில், கத்திரி வெயில் நாளில். எம். புதுப்பட்டியில் கம்பி மத்தாப்பு ஷெட்டில் வேலை. முப்பது வயது இருக்கும். காலையில் வேலை தொடங்கிய கையோடு பக்கத்தில் மருந்து கலக்குகிற அறை வெடித்து, கதவுப் பலகை பறந்து வந்து இவள் வலது மேல்கையில் அடித்திருக்கிறது. அந்த அறையில் இருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இவளுக்கு ரத்தம் பீய்ச்சியதும், அவள் அண்ணன் கருப்பசாமி ஓடிவந்து, வேட்டியைக் கிழித்து மேல்கையில் கட்டி, குச்சியைச் சொருகி முறுக்கியிருக்கிறார். டாக்டர் பார்க்கிறவரை அவிழ்க்கக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாட்டுவண்டியில் சிவகாசி, அங்கிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரி, ஆமத்தூர் தாண்டி டயர் பஞ்சர். அவர்கள் வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. நான்கு மணி நேரமாக அந்தக் கட்டு இறுகியபடியே இருந்தது. அவ்வளவு தூரமும் கருப்பசாமி தங்கையின் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வெளியே தார் உருகுகிற வெயில். தியேட்டருக்குள் எங்கள் எல்லோருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் கையை நான் தொட்டபோது கிணற்றுக்குள் கிடந்த கல்லைத் தொட்டது போல் இருந்தது. முழங்கைவரை வெள்ளி. நகம் வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. நகமும் வெள்ளிதான். அவ்வளவு வலியிலும் அவள் கத்தவில்லை. "நர்ஸம்மா, கை இருக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பெரிய டாக்டரை எல்லோரும் சீஃப் என்போம். கெட்டிக்காரர், வேகமான கை, பொறுமை கிடையாது. வலி தணிக்க ஓர் ஊசி போட்டு, கட்டை அவிழ்த்து, புண்ணைத் திறந்து, பீய்ச்சிய சின்னக் குழாயைக் கட்டிப் போட்டார். பெரிய ரத்தக்குழாய் அறுபடவில்லை. ஆனால் நூல் போலச் சுருங்கிக் கிடந்தது. மணிக்கட்டில் நாடி வரவில்லை. "உள்ள நசுங்கிருச்சு. இந்தக் கையை வச்சிருந்தா விஷம் ஏறி ஆளைக் கொண்டுபோயிரும். எடுத்துரலாம்" என்றார்.

ஞானமுத்து அவர் பின்னால் நின்றிருந்தார். "பயந்து சுருங்குன குழாயா இருக்கலாம் சார். ஊசி போட்டுப் பார்க்கறேன். விரிஞ்சா கை சூடாகும். விரியலைன்னா, அதே மரப்புல நீங்க எடுத்துக்கலாம். அரை மணி குடுங்க."

சீஃப் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி. ஒரு நிமிஷம் கூடாது. அதுக்குள்ள சம்மதம் எழுதி வாங்கி வைங்க."

ஆக, கையைக் காப்பாற்றவும் வெட்டவும் அன்றைக்கு ஒரே ஊசிதான். எறும்பு ஓடியது. பேச்சியம்மாள் பல்லைக் கடித்தபடி தலையசைத்தாள். நான் பேசினில் நூறு எண்ணி, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் பிடித்தேன். "இடது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் "இடது". அவளுடைய வலது கண் மெல்ல இறங்கிப் பாதி மூடியது. இன்னொரு கண் அகலத் திறந்து மேலே பார்த்தது.

"இப்ப உங்க கை எங்க இருக்கும்மா?" என்றார் ஞானமுத்து.

"அந்தா, மேல நிக்குல்ல" என்றாள் அவள். விளக்குக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைக் கண்ணால் காட்டினாள். "காத்துல ஆடுது சாமி. வலிக்கல. யாராச்சும் கீழ இறக்கி விடுங்களேன்."

நானும் மேலே பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் பிரசவ அறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவில்லை. ஞானமுத்து "இதோ வந்துர்றேன் சிஸ்டர், கையை விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கதவு வழியாகவே ஆபீஸ் கிளார்க் உள்ளே வந்தார். ஒரு கையில் சம்மதத் தாள், இன்னொரு கையில் மைப்பெட்டி, பின்னால் கருப்பசாமி.

கருப்பசாமி தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுத்துருங்கய்யா. உசுரு இருந்தா போதும். நான் கஞ்சி ஊத்திக்கிடுவேன்" என்று அழுதார். பேச்சியம்மாள் மேலே ஆடுகிற கையைப் பார்த்தபடி கிடந்தாள். வலி தணிக்கப் போட்ட ஊசியில் கிறக்கம் இருந்ததே தவிர, கேட்டால் பதில் சொல்லும் நிலையில்தான் இருந்தாள். கிளார்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

படிக்காத ஆம்பளைக்கு இடது பெருவிரல், பொம்பளைக்கு வலது பெருவிரல். ஆபீசில் அப்படி ஒரு வழக்கம். கிளார்க் அதிலிருந்து ஒரு நூல் பிசக மாட்டார். வெட்டப் போகிற வலது கையையே எடுத்து, பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தார். ரேகை விழவில்லை, வெறும் கறுப்புத் திட்டு. ரேகைக் குழியெல்லாம் அலுமினியப் பொடி அடைத்திருந்தது. "இதைக் கொண்டுபோனா சீஃப் என் மூஞ்சில எறிவாரு. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க சிஸ்டர்" என்றார்.

சோப்புக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். அலமாரியில் ஈதர் இருந்தது. மயக்கத்துக்கு வைத்திருப்பது, பிளாஸ்திரிப் பிசினையும் அழுக்கெண்ணெயையும் எடுக்க அதை விட நல்லது எதுவும் இல்லை. பஞ்சை நனைத்துப் பெருவிரலைத் துடைத்தேன். வெள்ளி போய்த் தோல் தெரிந்தது. கிளார்க் மறுபடி ஒற்றினார். இந்தத் தடவை ஒவ்வொரு கோடும் அச்சடித்த மாதிரி விழுந்தது. அவர் திருப்தியாக ஊதிக் காயவைத்துக்கொண்டு போனார். நான் மையைத் துடைத்தேன். துடைத்ததோடு விடாமல், நகத்தின் நிறம் டாக்டருக்குத் தெரியட்டும் என்று, ஐந்து விரலையும் ஈதரில் நன்றாகத் துடைத்தேன். எனக்கு வேலையில் அக்கறை அதிகம் என்று அப்போதெல்லாம் பெருமை உண்டு.

துடைத்து முடிக்கவும் இரண்டு டாக்டர்களும் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சீஃப் நேராக வந்து அந்த விரல்களைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார்.

"ஐஸ்" என்றார். "முடிஞ்சுது. ட்ரேயைக் கொண்டாங்க." கை கழுவப் போய்விட்டார்.

ஞானமுத்து அவளுடைய விரலைத் தொட்டார். அவர் முகம் மாறியதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தோற்றுப்போன முகம். ஆனாலும் முறையை விடவில்லை. "சிஸ்டர், கடைசியா ஒருதடவ" என்றார்.

பேசினில் நனைக்க நேரமில்லை. கண்ணை மூடிப் பிடித்தேன். வலது விரல்கள் உறைந்து கிடந்தன. 'இடது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. பஞ்சைப் பிடித்திருந்த என் விரல்களும் அதே மாதிரி உறைந்திருந்தன. என் விரல்கள் சாகவில்லை. ஈதர் காய்கிறபோது சூட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போகும். நர்சிங் படிப்பில் முதல் வருடப் பாடம் அது. கையை மெல்ல நகர்த்தி அவள் உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தொட்டேன். ஈதர் படாத இடம், வெள்ளி அப்படியே இருந்த இடம். அங்கே வெதுவெதுப்பாக இருந்தது.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சீஃப் முன்னால் தப்பை ஒத்துக்கொண்ட நர்ஸ் ஒருத்தியை அவர் அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். வேலை போய் ஆமத்தூருக்குத் திரும்பினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. சீஃப் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். ட்ரேயில் ரம்பம் இருந்தது. பேச்சியம்மாள் ஒரு கண்ணால் மேலே பார்த்து, "இன்னும் இறக்கலயா?" என்றாள். நான் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

"சார், ஈதர் போட்டுத் துடைச்சேன். அந்தக் குளிர் ஈதரோடது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"ஈதரா? எந்த முட்டாள் போடச் சொன்னது?" சீஃப் கத்திய கத்தலில் கதவுக்கு வெளியே கருப்பசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"கைநாட்டு வைக்கிறதுக்கு" என்றேன்.

ஞானமுத்து என்னைத் திட்டவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையை நனைச்சுட்டு வாங்க சிஸ்டர். நூறு எண்ணுங்க. நிதானமா எண்ணுங்க" என்றார். சீஃப்பிடம் திரும்பி, "அஞ்சு நிமிஷம் சார்" என்றார். அது கேள்வியாக இல்லை.

நூறு எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதையும் எண்ணியதில்லை. துண்டால் ஒற்றினேன். கண்ணை மூடிப் பிடித்தேன். அவளுடைய இடது கை வேர்த்து, வெள்ளி சேறாகக் குழைந்திருந்தது. வலது கை சொட்டு வேர்வையில்லாமல் காய்ந்திருந்தது, பொடி உதிர்ந்தது. அந்தக் காய்ந்த கைக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையிலிருந்து விரலுக்கு, ஒவ்வொரு கணுவாக. அசையாத கை. நான் கிள்ளினாலும் தெரியாத கை. அதன் சொந்தக்காரி அது விட்டத்தில் நிற்கிறது என்கிறாள். யாருக்கும் சொந்தமில்லாத ஏதோ ஒன்று என் பிடிக்குள் தானாக உயிர் பெறுகிறது. உதறிவிட்டு ஓட வேண்டும் போல் இருந்தது, அவ்வளவு பயந்தேன். பிடித்துக்கொண்டேயிருந்தேன்.

"வலது" என்றேன்.

சீஃப் தொட்டுப் பார்த்தார். புறங்கையில் ரத்தக்குழாய்கள் புடைத்து எழுந்திருந்தன. சுத்தமாகத் துடைத்திருந்த நகங்களுக்கு அடியில் ரோஜா நிறம் வந்திருந்தது. அவர் மணிக்கட்டில் விரலை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு, "ட்ரேயை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என்னை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் என்னோடு வேலை பார்த்தும் அந்த ஈதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருந்து இரண்டு மணி நேரம்தான் தாங்கும். கை மறுபடி சில்லிடத் தொடங்கியதும் ஞானமுத்து மறுபடி ஊசி போட்டார். சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. காலை ஊசிக்குப் பிறகு வார்டில் ஒரே சத்தம். பேச்சியம்மாள் கட்டிலின் ஓரத்துக்கு ஒண்டிக்கொண்டு நடுங்கினாள். "நர்ஸம்மா, யாரு கையோ எம் பக்கத்துல கெடக்கு. சுடுது. எடுத்துட்டுப் போங்க!" அது உன் கைதான் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. தன் கை மேலே இருப்பதாகச் சொன்னாள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மருந்து இறங்கி, விரல்நுனியில் ஊசி குத்துகிற மாதிரி வலி வந்த பிறகுதான் அழுதாள். "வந்துருச்சு" என்றாள்.

சுண்டுவிரலின் முதல் கணு மட்டும் கறுத்துக் காய்ந்து போயிற்று. மற்றது பிழைத்தது. பிடி வருவதற்கு மாதக்கணக்கு ஆகும் என்றார்கள்.

வீட்டுக்குப் போகிற நாளில் கிளார்க் டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவந்தார். கேஸ் கட்டை அவள் கட்டிலில் பிரித்து வைத்தபோது, பழைய சம்மதத் தாள் மேலே கிடந்தது. பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பெருவிரல் ரேகை தெரியும்.

"இது யாரு வச்சது?" என்றாள்.

"நீதாம்மா வச்ச, தியேட்டர்ல" என்றார் கிளார்க்.

"நான் எங்க வச்சேன்? எங் கை மேலல்ல இருந்துச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கு நர்ஸம்மா?"

கருப்பசாமி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளார்க் தாளை மூடப் பார்த்தார். நான் அதை வாங்கி அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'என் வலது கையை எடுத்துவிட எனக்குப் பூரண சம்மதம்' என்று எழுதியிருந்தது. வேறு என்ன செய்வது? அந்த விரலைத் துடைத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிளார்க் மைப்பெட்டியைத் திறந்து அந்தக் கையை நோக்கி வந்தார். அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேண்டாம். என்னையக் கேக்காம, தன்னையே வெட்டச் சொல்லிக் கைநாட்டு வச்ச கை. இதுல வாங்குங்க" என்று இடது கையை நீட்டினாள்.

"பொம்பளைக்கு வலதும்மா" என்றார் கிளார்க்.

நான் மைப்பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். இடது பெருவிரலைப் பிடித்தேன். வேர்த்திருந்தது, துடைத்துவிட்டேன். டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். பிறகு, "வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் நன்றாக யோசித்துவிட்டுத்தான், "வைங்க" என்றாள்.